பக்கவாதத்திற்குப் பின் நடை: அளவீடும் அளவீட்டின் மொழியும்

முன்னுரை

தமிழில் 'நடை' பல பொருள் குறித்த ஒரு சொல். கால்களால் இடம்பெயர்தலையும், ஒருவரது ஒழுக்கத்தையும், எழுத்தாளரின் மொழிப்போக்கையும், கோயிலின் வாயிலையும் அது குறிக்கின்றது. மொழியாசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் மொழிநடை என்ற பொருளிலேயே அச்சொல்லை ஆள்கிறோம். இக்கட்டுரையோ அதன் முதற்பொருளாகிய காலின் நடையைப் பற்றியது. பக்கவாதத்தால் தாக்குண்டு மீண்டு வருவோரின் நடைத்திறன் எவ்வாறு மதிப்பிடப்படுகின்றது என்பதை விளக்குவதும், அம்மதிப்பீட்டில் மொழி வகிக்கும் இடத்தை எடுத்துக்காட்டுவதும் இதன் நோக்கங்களாகும்.

மருத்துவத் துறைக்குரிய இப்பொருள் இந்திய ஆய்வியல் சார்ந்த இதழில் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. நடையை அளக்கும் சோதனைகளுள் பலவற்றிற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு நாற்காலி, ஓர் அளவு நாடா, ஒரு நிறுத்துக் கடிகாரம், ஒரு வாக்கியம் ஆகியவையே போதும். நாற்காலியின் உயரமும் பாதையின் நீளமும் வரையறுக்கப்பட்டிருப்பது போலவே, நோயாளியிடம் சொல்ல வேண்டிய வாக்கியமும் அச்சோதனைகளின் ஒரு பகுதியாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முதிய தமிழர் பலரிடம் அவ்வாக்கியத்தைத் தமிழில் சொன்னாலன்றிச் சோதனை நிகழாது. தமிழில் அது எவ்வாறு அமைகின்றதோ அதற்கேற்பக் கிடைக்கும் அளவும் மாறக்கூடும் என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்து.

நோயின் பெயர்

மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி திடீரெனச் செயலிழப்பதே பக்கவாதம். நம் வட்டாரத்தில் வழங்கும் மூன்று பெருமொழிகளும் இந்நோய்க்குக் காற்றின் பெயரையே இட்டிருப்பது ஆர்வத்திற்குரியது. தமிழில் 'வாதம்' என்பது சித்த மருத்துவம் கூறும் முக்குற்றங்களுள் காற்றின் கூறு. மலாய் மொழியில் இந்நோயை 'ஆங்கின் அஹ்மார்' என்பர். செங்காற்று என்பது அதன் பொருள். சீனத்தில் வழங்கும் 'சோங் ஃபெங்' என்னும் பெயர், காற்றால் தாக்குண்டமையைக் குறிக்கும். கண்ணுக்குப் புலப்படாமல் வந்து மனிதனைச் சாய்த்துவிடும் ஒன்றை மூன்று பண்பாடுகளும் காற்றாகவே கண்டிருக்கின்றன எனலாம்.

ஆயினும் தமிழ்ப் பெயரில் ஒரு வேறுபாடு உண்டு. 'பக்கம்' என்ற முன்னொட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழத்தலை நோயின் இலக்கணமாகவே ஆக்கிவிடுகின்றது. 'ஒரு பக்கம் விழுந்துவிட்டது', 'கை கால் இழுத்துக்கொண்டது' என்னும் பேச்சு வழக்குகளும் இதனையே வலியுறுத்துகின்றன. இதன் விளைவாக, கை கால் அசையத் தொடங்கியதும் நோய் நீங்கிவிட்டதாகக் குடும்பத்தார் கருதுவதுண்டு. பேச்சு, பார்வை, கவனம், சமநிலை ஆகியவற்றில் எஞ்சி நிற்கும் குறைகள் அப்பெயருக்குள் அடங்குவதில்லை. நடையோ இவை அனைத்தையும் சார்ந்தது. எனவேதான் கால் அசைகின்றதா என்று பார்ப்பது வேறு, நடையை மதிப்பிடுவது வேறு என்ற தெளிவு முதலில் வேண்டப்படுகின்றது.

நடை கெடும் விதம்

நலமுள்ள ஒருவர் நடக்கும்போது ஒவ்வொரு காலும் இரு நிலைகளை மாறி மாறி அடைகின்றது. பாதம் தரையில் ஊன்றியிருக்கும் ஊன்று நிலை ஒன்று. பாதம் தரையை விட்டெழுந்து முன்னோக்கிச் செல்லும் வீச்சு நிலை மற்றொன்று. ஒரு நடைச் சுற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஊன்று நிலைக்கும் 40 விழுக்காடு வீச்சு நிலைக்கும் உரியவை. பக்கவாதத்தில் இவ்வொழுங்கு குலைகின்றது. மூளையின் இடப்பகுதி தாக்குண்டால் உடலின் வலப்பக்கமும், வலப்பகுதி தாக்குண்டால் இடப்பக்கமும் தளர்வுறும். தளர்ந்த கால் உடலின் எடையை நெடுநேரம் தாங்க அஞ்சுவதால் அதன் ஊன்று நேரம் குறைகின்றது. கணுக்காலை மேல்நோக்கி வளைக்கும் தசைகள் தளர்ந்தால் பாதம் தொங்கிக் கால்விரல்கள் தரையில் உரசுகின்றன. அவ்வுரசலைத் தவிர்க்கும் பொருட்டு நோயாளி காலை வெளிப்புறமாக அரைவட்டமிட்டு முன்னே கொணர்கின்றார்.

இம்மாற்றங்களை நம் மக்களின் பேச்சு நுட்பமாகவே பதிவு செய்து வைத்துள்ளது. 'தாங்கித் தாங்கி நடக்கிறார்' என்பது ஊன்று நேரம் குறைந்த நடையையும், 'இழுத்து இழுத்து நடக்கிறார்' என்பது பாதம் தொங்கும் நடையையும், 'காலை வீசி நடக்கிறார்' என்பது அரைவட்ட நடையையும், 'தள்ளாடுகிறார்' என்பது சமநிலைக் குறைவையும் சுட்டுவனவாகக் கொள்ளலாம். நோயாளியின் துணைவியாரோ மகளோ இயல்பாகச் சொல்லும் இச்சொற்கள் வெறும் வருணனைகளல்ல. மருத்துவர் குறித்துக்கொள்ளத்தக்க தகவல்கள். இவையனைத்தும் 'சரியாக நடக்கவில்லை' என்ற ஒரே தொடராக மொழிபெயர்க்கப்படும்போது அத்தகவல் மறைந்துவிடுகின்றது.

நடையை அளக்கும் முறைகள்

நடைத்திறனை மதிப்பிடப் பல முறைகள் உள. அவற்றுள் பரவலாகக் கையாளப்படும் நான்கினை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, செயல்நடை வகைப்பாடு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உருவாக்கப்பட்டு 1984ஆம் ஆண்டு ஆய்வுலகில் அறிமுகமான இவ்வகைப்பாடு, ஒருவர் நடப்பதற்குப் பிறர் துணை எவ்வளவு தேவைப்படுகின்றது என்பதை 0 முதல் 5 வரையிலான ஆறு படிகளில் தருகின்றது. நடக்கவே இயலாதவரும், இருவர் தாங்கினால் மட்டுமே நடப்பவரும் 0 என்ற படியினர். உடல் எடையைத் தாங்குமாறு ஒருவர் இடைவிடாமல் பிடித்திருக்க வேண்டின் படி 1. சமநிலைக்காக இலேசாகத் தொட்டிருந்தால் போதுமெனின் படி 2. தொடாமல் அருகிருந்து கண்காணித்தாலோ சொல்லால் வழிகாட்டினாலோ போதுமெனின் படி 3. சமதரையில் தனித்து நடந்து, படிக்கட்டிலும் சரிவிலும் மேடுபள்ளத்திலும் மட்டும் துணை நாடுவோர் படி 4. எங்கும் தனித்து நடக்க வல்லவர் படி 5.

இரண்டாவது, பத்து மீட்டர் நடைச் சோதனை. பத்து மீட்டர் தொலைவைக் கடக்க ஆகும் நேரத்தைக் கொண்டு வேகம் கணக்கிடப்படுகின்றது. தொடக்கத்தில் வேகம் கூடுவதும் இறுதியில் குறைவதும் கணக்கைப் பாதிக்காதிருக்க, இரு முனைகளிலும் சில மீட்டர் கூடுதலாக விடப்படுவது வழக்கம். சோதனை, வசதியான வேகத்தில் ஒரு முறையும் இயன்ற அளவு விரைவான வேகத்தில் ஒரு முறையும் நடத்தப்படுவதுண்டு.

மூன்றாவது, எழுந்து நடந்து திரும்பும் சோதனை. 1986இல் பார்வை மதிப்பீடாகத் தோன்றிய இதனை, 1991இல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் நேரம் கணிக்கும் சோதனையாக மாற்றியமைத்தனர். ஏறத்தாழ 46 செ.மீ. உயரமுள்ள கைப்பிடி நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் அமர்வதற்கு ஆகும் நேரமே அளவாகும். 10 வினாடிக்குள் முடிப்பவர் தடையின்றி நடமாடுபவர் என்றும், 30 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்பவர் அன்றாடச் செயல்கள் பலவற்றில் பிறர் துணையை நாடுபவர் என்றும் அவர்கள் கண்டனர்.

நான்காவது, ஆறு நிமிட நடைச் சோதனை. இது நடையின் தாங்குதிறனை அளப்பது. 30 மீட்டர் நீளமுள்ள நடைவழியில் ஆறு நிமிடங்களில் ஒருவர் எவ்வளவு தொலைவு நடக்கின்றார் என்பது கணக்கிடப்படுகின்றது. நடுவே நின்று இளைப்பாறலாம். ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. அமெரிக்க மார்பகநோய்க் கழகம் 2002இல் வெளியிட்ட நெறிமுறை இச்சோதனையில் சொல்ல வேண்டிய சொற்களையும் வகுத்துரைக்கின்றது.

எண்கள் தீர்மானிப்பவை

மேற்கண்ட சோதனைகள் தரும் எண்கள் கோப்பில் உறங்குவனவல்ல. நோயாளி வீடு திரும்பலாமா, வீட்டில் துணைக்கு ஆள் வேண்டுமா, வெளியே தனித்துச் செல்லலாமா, பயிற்சி பயன் தருகின்றதா என்னும் வினாக்களுக்கான விடைகள் இவற்றைச் சார்ந்துள்ளன. அமெரிக்க எலும்பியல் மருத்துவரும் நடையியல் அறிஞருமான ஜாக்குலின் பெர்ரி அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1995இல் வெளியிட்ட வகைப்பாடு இதற்குச் சான்று. வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைந்த வேகமுடையோர் வீட்டளவில் நடமாடுவோர், 0.4 முதல் 0.8 மீட்டர் வரை உடையோர் வெளியே ஓரளவு நடமாடுவோர், 0.8 மீட்டருக்கு மேல் உடையோர் வெளியே தடையின்றி நடமாடுவோர் என்பது அவர்களது முடிவு.

இவ்வெல்லைகளைப் பத்து மீட்டர் சோதனைக்குப் பொருத்திப் பார்ப்போம். பத்து மீட்டரை 25 வினாடியில் கடந்தால் வேகம் 0.4, 12.5 வினாடியில் கடந்தால் 0.8. பத்து மீட்டரை 12 வினாடியில் கடக்கும் மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவரது வேகம் 0.83. அவரே வேறொரு நாள், வேறொரு வாக்கியத்தைக் கேட்டு 14 வினாடியில் நடந்தால் வேகம் 0.71 ஆகின்றது. காலின் வலிமை மாறவில்லை. ஆனால் அவர் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு இறக்கப்பட்டுவிடுகின்றார். பக்கவாதத்திற்குப் பிந்திய முதல் 60 நாள்களில் வினாடிக்கு 0.16 மீட்டர் வேக உயர்வே பொருளுடைய முன்னேற்றம் என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. நாம் கற்பனை செய்த இரு வினாடி வேறுபாடு 0.12 மீட்டருக்குச் சமம். முன்னேற்றத்தின் பெரும்பகுதியை அது மறைத்துவிடவோ இல்லாத முன்னேற்றத்தைக் காட்டிவிடவோ கூடும்.

இவ்வேகத்திற்குத் தெருவிலும் பொருள் உண்டு. 12 மீட்டர் அகலமுள்ள சாலையை 0.8 மீட்டர் வேகத்தில் கடக்க 15 வினாடி வேண்டும், 0.4 மீட்டர் வேகத்தில் 30 வினாடி வேண்டும். சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு அறிமுகமான 'கிரீன் மேன் பிளஸ்' திட்டத்தில், முதியோரும் உடற்குறையுடையோரும் தத்தம் அட்டையைக் காட்டினால் சாலையின் அகலத்திற்கேற்பப் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக எரியும். நடைவேகம் என்ற எண், ஒருவர் தனித்துக் கடைக்குச் செல்வாரா என்பதைத் தீர்மானிக்கும் எண்ணாக இருப்பதை இது புலப்படுத்தும்.

காலமும் இங்குக் கருதத்தக்கது. 1995இல் வெளியான கோபன்ஹேகன் பக்கவாத ஆய்வு 804 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. நடைத்திறன் மீட்சி 95 விழுக்காட்டினரிடம் முதல் 11 வாரங்களுக்குள்ளேயே நிறைவுற்றது என அது கண்டறிந்தது. அதன் பின்னரும் பயிற்சியால் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் முதல் வாரங்களில் பிழையாக அளக்கப்படும் நடை, மதிப்புமிக்க காலத்தில் பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும் என்பது வெளிப்படை.

சொல் அளவை மாற்றுகின்றது

சொல்லும் சொல் அளவை மாற்றும் என்பது வெறும் ஊகமன்று. 1984இல் கையாட் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளையும் இதயநோயாளிகளையும் ஆறு நிமிடம் நடக்கச் செய்தனர். ஊக்கச் சொற்கள் சொல்லப்பட்டபோது நடந்த தொலைவு ஏறத்தாழ 30 மீட்டர் கூடியது. ஆறு நிமிடச் சோதனையில் ஒவ்வொரு நிமிட முடிவிலும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்று வரையறுக்கப்பட்டிருப்பதன் நியாயத்தை இதனால் உணரலாம். பிரேசிலில் 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாள்பட்ட பக்கவாதமுடையோரிடம் பத்து மீட்டர் சோதனையை நடத்தியது. விரைவாக நடக்குமாறு மட்டும் சொன்னபோது இருந்ததைவிட, பேருந்தைப் பிடிக்கச் செல்வது போல நடக்குமாறு சொன்னபோது அவர்களது வேகம் மிகுந்திருந்தது.

இனி, இவ்வறிவுறுத்தல்கள் தமிழில் அமையும்போது எழும் சிக்கல்களை வகைப்படுத்திக் காண்போம்.

முதற்சிக்கல், பரிவின் மொழி. தமிழர் நோயுற்ற முதியவரிடம் நடையைப் பற்றிப் பேசும்போது தம்மை அறியாமலேயே 'மெதுவாக', 'பார்த்து' என்னும் சொற்களைச் சேர்த்துவிடுகின்றனர். 'மெதுவா நடங்க ஐயா', 'பார்த்து வாங்க அம்மா' என்பன அன்பின் வெளிப்பாடுகள். அன்றாட வாழ்வில் அவை வேகத்தைப் பற்றிய கட்டளைகளே அல்ல, அக்கறையின் குறிகள். ஆனால் கடிகாரம் ஓடும் வேளையில் அவை கட்டளைகளாகிவிடுகின்றன. மூத்தோர் சொல்லை மதித்து மெதுவாகவே நடக்கின்றார். அவரது வேகம் குறைவாகப் பதிவாகின்றது. உதவிக்கு நிற்கும் உறவினர் அருகிலிருந்து இவ்வாறு சொன்னாலும் விளைவு அதுவே.

'மெதுவாக' என்பதை நீக்கிவிட்டு 'வழக்கமான வேகத்தில்' என்றாலும் ஐயம் தீர்வதில்லை. எப்போதைய வழக்கம்? நோய்க்கு முந்திய வழக்கமா, இப்போதைய வழக்கமா? பழைய வழக்கத்தை எண்ணி விரைவோர் தடுமாறி விழவும் கூடும். 'இப்போது உங்களுக்கு எந்த வேகம் வசதியாக இருக்கிறதோ அந்த வேகத்தில் நடந்து வாருங்கள்' என்பது இவ்விரு குறைகளையும் தவிர்க்கும் ஒரு வாக்கியம். விரைவு நடைக்கும் 'வேகமாக' என்ற சொல் மட்டும் போதாது. அது ஓட்டத்தையும் உள்ளடக்கும். 'ஓடாமல், விழுந்துவிடாமல், எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக' என்று எல்லை கட்டுதல் வேண்டும்.

இரண்டாவது சிக்கல், தொடரமைப்பு. எழுந்து நடந்து திரும்பும் சோதனையின் அறிவுறுத்தலைத் தமிழில் இயல்பாகச் சொன்னால், 'எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள்' என்று அமையும். வினையெச்சங்கள் அடுக்கி வர, முற்றுவினை இறுதியில் ஒன்றே நிற்கின்றது. இலக்கண அழகுடைய இத்தொடர், மூளையின் இடப்பகுதி தாக்குண்டு மொழியுணர்வு குன்றிய ஒருவருக்குப் பெரும் சுமை. முடிவில் கேட்ட 'உட்காருங்கள்' என்பதே அவர் மனத்தில் தங்கும். அமர்ந்திருப்பவர் அமர்ந்தே இருப்பார். இதனை நடை இயலாமை எனக் குறித்துக்கொள்வது பெரும்பிழையாகும்.

தொடரைச் சிறு வாக்கியங்களாக உடைத்தால் வேறொரு இடர்ப்பாடு தோன்றுகின்றது. 'எழுந்திருங்கள். கோடு வரை நடங்கள்' என்று விளக்கத் தொடங்கியதுமே, ஏவலுக்குப் பணிந்து நோயாளி எழுந்துவிடுவார். விளக்கம் முடியுமுன் சோதனை தொடங்கிவிடும். எனவே முதலில் சோதிப்பவர் தாமே நடந்து காட்டி, 'நான் செய்வதைப் பாருங்கள்' என்று தொடங்கி, பின்னர் ஒரே ஒரு தொடக்கச் சொல்லை மட்டும் ஏவலாகப் பயன்படுத்துவது பொருத்தமாகும். ஒரு முறை பழகிப் பார்க்க இடமளித்த பின்னரே நேரம் கணிப்பது இச்சோதனையின் நெறியுமாகும்.

மூன்றாவது சிக்கல், உறுப்புப் பெயர்கள். தமிழில் 'கால்' என்பது தொடை முதல் பாதம் வரை முழுவதையும் குறிக்கின்றது. 'காலைத் தூக்குங்கள்' என்றால் நோயாளி இடுப்பிலிருந்து தொடையை உயர்த்தலாம், முழங்காலை நீட்டலாம், பாதத்தின் முன்பகுதியை மட்டும் உயர்த்தலாம். மூன்றும் வெவ்வேறு தசைகளின் செயல்கள். பாதம் தொங்குகின்றதா என்று அறிய விரும்புவோர், 'குதிகால் தரையிலேயே இருக்கட்டும். கால்விரல்களை மட்டும் மேலே தூக்குங்கள்' என்று கூற வேண்டியுள்ளது. குதிகால், கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என நுண்ணிய பெயர்கள் தமிழில் நிறைந்திருந்தும், அவசரத்தில் 'கால்' ஒன்றே எல்லாவற்றிற்கும் நின்றுவிடுகின்றது.

நான்காவது சிக்கல், குடும்பத்தார் தரும் விடைகள். 'அப்பா நடக்க மாட்டார்' என்று மகன் சொன்னால் அதன் பொருள் யாது? இக்கால வழக்கில் 'மாட்டார்' பெரும்பாலும் விருப்பமின்மையைக் காட்டும். பழைய வழக்கில் அது இயலாமையைக் காட்டும். 'மாட்டாமை' என்னும் சொல்லுக்கு இயலாமை என்றே பொருள். அச்சமே காரணமாக நடக்க மறுப்பவருக்கும், தசை வலுவின்றி நடக்க இயலாதவருக்கும் உரிய சிகிச்சைகள் வேறு. அதுபோன்றே 'நடப்பார்' என்ற எதிர்கால வினைமுற்று, இனி நடப்பார் என்ற எதிர்பார்ப்பையும் அன்றாடம் நடக்கின்றார் என்ற வழக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட செயற்பாடு, இயலாமை பற்றிய பன்னாட்டு வகைப்பாடு, ஒருவர் சீரான சூழலில் செய்ய வல்லதையும் தம் சொந்தச் சூழலில் உண்மையில் செய்வதையும் தனித்தனியே குறிக்கப் பணிக்கின்றது. தமிழில் இவ்வேறுபாட்டைப் பெற, 'நடக்க முடிகிறதா?' என்றும் 'நேற்று எங்கெங்கே நடந்தார்?' என்றும் இரு வினாக்களைக் கேட்பதே தெளிவான வழி.

ஐந்தாவது சிக்கல், நடந்துகொண்டே பேசும் சோதனைகள். யாரேனும் பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியோர் பின்னர் விழும் வாய்ப்பு மிகுதி என்று சுவீடனில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் நடையுடன் ஒரு மனச்செயலையும் சேர்த்து அளக்கும் வழக்கம் வலுப்பெற்றது. எண்களை மூன்று மூன்றாகப் பின்னோக்கிச் சொல்லச் செய்வது அவற்றுள் ஒன்று. ஆனால் கணக்கு எம்மொழியில் கற்கப்பட்டதோ அம்மொழியிலேயே எளிதில் வரும். தமிழ்ப் பள்ளியில் பயின்றவர், ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர், பள்ளிக்கே செல்ல வாய்ப்பற்றுத் தோட்டத்தில் உழைத்தவர் ஆகிய மூவருக்கும் ஒரே சுமையை இது தருவதில்லை. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கூறச் செய்யும் சோதனையும் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. 'க' என்றால் ககர உயிர்மெய் ஒன்று மட்டுமா, 'கா' முதல் 'கௌ' வரை அனைத்துமா என்பதைச் சொல்லாவிடில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வர். விலங்குகளின் பெயர்கள், சமையலறைப் பொருள்களின் பெயர்கள் போன்ற பொருள்சார் வகைகள் இவ்விடத்தில் பாதுகாப்பானவை.

வீடும் சோதனைக்கூடமும்

மொழியோடு பண்பாட்டுச் சூழலும் அளவைத் தொடுகின்றது. எழுந்து நடந்து திரும்பும் சோதனையில் நோயாளி வழக்கமான காலணியையும் வழக்கமான கைத்தடியையும் பயன்படுத்தலாம். தமிழர் இல்லங்களில் வழக்கமான காலணி என்பது வெறுங்காலே. பாதம் தொங்காதிருக்க அணியும் கணுக்கால் தாங்கி பலருக்குக் காலணியோடு சேர்ந்தே பயன்படுகின்றது. மருத்துவமனையில் தாங்கியோடு நன்கு நடப்பவர், வீட்டில் அதனை வாசலிலேயே கழற்றிவிட்டு ஈரமான குளியலறைத் தரையில் வெறுங்காலோடு நடக்கின்றார். கோயிலிலும் அதுவே நிலை. ஆகவே, காலணியுடன் ஒரு முறையும், பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் ஒரு முறையும் அளந்து, இரண்டையும் பதிவு செய்தல் நன்று.

செயல்நடை வகைப்பாட்டின் நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் உள்ள வேறுபாடும் இவ்வாறே நம் சூழலில் பொருள் பெறுகின்றது. பத்துமலையின் 272 படிகளை ஏறுவது யாருக்கும் தேவையான அளவுகோல் அன்று. ஆனால் வீட்டு நிலைப்படி, பழைய கடைவீடுகளின் முன்னுள்ள உயரம் மாறும் ஐந்தடி நடைபாதை, தாழ்வான இருக்கை, தரையில் அமர்ந்து எழுதல் ஆகியவை பலரது அன்றாடத் தேவைகள். சமதரைச் சோதனைகள் மட்டும் இவற்றைக் காட்டா. 'வீட்டில் எந்த இடத்தில் நடக்க அஞ்சுகிறீர்கள்?' என்ற ஒரு வினா இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும்.

தமிழாசிரியர்க்குரிய பணி

சோதனை அறிவுறுத்தல்களை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொணர்வதற்கு ஏற்புடைய நெறி ஏற்கெனவே உள்ளது. பீட்டன் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி ஐந்து கட்டங்களைக் கூறுகின்றது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தல், அவ்விரண்டையும் இணைத்தல், மூலத்தை அறியாத இருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்தல், வல்லுநர் குழு ஆராய்தல், 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை செய்தல் என்பன அவை. முதற்கட்டத்து இருவருள் ஒருவர் மருத்துவப் பொருளை அறியாதவராக இருக்க வேண்டும் என்பது அந்நெறியின் சிறப்பு. பொதுமக்கள் வழங்கும் மொழி அவர் வழியே கிட்டும் என்பது கருத்து. வல்லுநர் குழுவிலும் மொழியறிஞர்க்கு இடமுண்டு. இவ்விரு இடங்களும் நம் துறையினர்க்கு உரியவை.

அங்கு நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது தூய கலைச்சொற்களை ஆக்கித் தருவது மட்டுமன்று. எழுத்துத் தமிழில் அச்சிடப்பட்ட அறிவுறுத்தலை அப்படியே படித்துக் காட்டினால், அது மேடைப்பேச்சு போலத் தோன்றி முதியவரைத் திகைக்க வைக்கும். அதே வேளையில், சோதிப்பவர் ஒவ்வொருவரும் தத்தம் பேச்சு வழக்கிற்கேற்ப மாற்றிச் சொன்னால் அளவு சீராக இராது. எனவே பேச்சுத் தமிழிலேயே, ஆனால் மாறாத வடிவில், அறிவுறுத்தல்கள் எழுதப்பட வேண்டும். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் தரப்படுத்தப்பட்ட பேச்சுத் தமிழ் வகுப்பறையில் முக்கிய இடம் பெற்றது. அங்குப் பெற்ற பட்டறிவு இப்பணிக்கு நேரடியாகப் பயன்படும். தமிழ் அறியாத இயன்முறை மருத்துவர்களும் தாதியரும் நம் மருத்துவமனைகளில் பலர் உள்ளமையால், அவ்வாக்கியங்களை ஒலிப்பதிவாகத் தருவதும் கருதத்தக்கது. அவ்வாறு செய்தால், உடன் வந்த உறவினர் தம் விருப்பம் போல் மொழிபெயர்க்கும் நிலையும் குறையும்.

முடிவுரை

நடைத்திறன் மதிப்பீடு, காலின் வலிமையையும் கடிகாரத்தையும் மட்டும் சார்ந்ததன்று. நோயாளி கேட்கும் வாக்கியம், அவ்வாக்கியத்தை அவர் புரிந்துகொள்ளும் விதம், அவரைச் சூழ்ந்துள்ளோர் சொல்லும் அன்புச் சொற்கள், வீட்டார் தரும் விடைகளின் இலக்கணம் ஆகியவையும் கிடைக்கும் எண்ணில் கலந்துள்ளன. பத்து மீட்டர் பாதையில் 12.5 வினாடி என்னும் எல்லையை ஒருவர் கடந்தாரா இல்லையா என்பது அவரது எதிர்காலத்தைப் பற்றிய முடிவுகளைத் தொடுகின்றது. அம்முடிவு 'மெதுவாக' என்ற ஒரு சொல்லால் மாறிவிடலாகாது. அறிவுறுத்தலின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு, பேச்சு வழக்கிலேயே நிலையான வடிவம் கொடுப்பது மருத்துவர் தனித்துச் செய்ய இயலாத பணி. மொழியின் நடையைக் கற்பிக்கும் நாம், மீண்டும் நடக்க முயலும் ஒருவரின் நடை சரியாக அளக்கப்படுவதற்கும் துணை நிற்க இயலும். அதற்கான முதற்படியாக, நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் மறுவாழ்வு மருத்துவத் துறைகளும் இணைந்து, மேற்கூறிய நான்கு சோதனைகளின் தமிழ் அறிவுறுத்தல்களை ஆராயத் தொடங்கலாம்.